சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

"சார், சைலன்சரின் உள்குழாயை எடுத்துவிட்டால் வண்டி பறக்குமாமே?" மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அளந்து பாராமல் அறுப்பதை ஏற்க முடியாது. ஏன் என்பதை இயற்பியல் வழியாகவே பார்ப்போம்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் புகை வெளியேறும் வாயிலும் புதிய பெட்ரோல் கலவை நுழையும் வாயிலும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். எனவே எரியாத கலவையில் ஒரு பகுதி புகையோடு தப்பி ஓடும். இதைத் தடுப்பது எது? ஓர் அழுத்த அலை! குழாயில் விரையும் அந்த அலை, குழாய் கூம்பாகக் குறுகும் இடத்தில் மோதித் திரும்பி, தப்பிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது.

அலை நேரம் தவறாமல் திரும்ப வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழன்றால், ஒரு சுற்றுக்கு 0.01 வினாடி ஆகும். வெளியேற்று வாயில் அரைச் சுற்று நேரம், அதாவது 0.005 வினாடி, திறந்திருப்பதாகக் கொள்வோம். சூடான புகையில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். ஆகவே அலை 2.5 மீட்டர் செல்லும். போகவும் வரவும் சேர்த்து இவ்வளவுதான் என்பதால், அலை திரும்பும் இடம் 1.25 மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். கண்டபடி குழாயை வெட்டினால் இந்தக் கணக்கே குலைந்துவிடும். சத்தம் கூடும்; இழுவை குறையும்.

கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தின் பொறியாளர் வால்ட்டர் காடன், இந்த அலைகளை ஆசிலாஸ்கோப் கருவியால் ஆராய்ந்து குழாய்களை வடிவமைத்தார். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி, ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டத்தையும் வென்றார். ஒரு குழாய்க்குள் இருந்த அறிவின் மதிப்பைப் பாருங்கள்!

இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னொரு பொறுப்பும் உண்டு. புகை செல்லும் வழியில் வினையூக்கி ஒன்று இருந்து, கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களைக் குறைக்கிறது. அதைக் கழற்றி எறிந்தால் அந்த நச்சைத் தெருவில் போகிறவர்கள்தாம் சுவாசிக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

சரி, குழாயை மாற்றி வேகமும் கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மெதுவாகப் போனபோது தெரியாத கோளாறுகள் இப்போது தலைகாட்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில்பார் இடமும் வலமும் நடுங்கத் தொடங்கும். இதுவும் ஓர் அலைவுதான். தேய்ந்த டயர், குறைந்த காற்று, தளர்ந்த கோன் செட், நேர்கோட்டில் இல்லாத சக்கரங்கள், பின்புறம் ஏற்றிய பெருஞ்சுமை: இவற்றுள் எதுவும் காரணமாகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் நடுக்கம் நிற்கலாம். ஆனால் காரணம் தெரியாது. அடுத்த முறை மீண்டும் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து அளக்கிறோம். பட்டறைக்கும் அதே விதிதான். முதலில் காற்றழுத்தத்தை அளந்து, குறிப்பேட்டில் எழுதி, ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகே கோன் செட்டைத் தொட வேண்டும்.

உங்களில் பலருக்கு உரிமம் பெறும் வயது இன்னும் வரவில்லை. பரவாயில்லை. அண்ணனோ மாமாவோ சைலன்சரை அறுக்கக் கிளம்பினால், "எத்தனை சுற்றுக்கு, எத்தனை மீட்டர்?" என்று கேளுங்கள். விடை வரும்வரை ரம்பம் பெட்டியிலேயே இருக்கட்டும்.