அருவிக்கு முதுகைக் காட்டுங்கள்



குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கிறது. ஜூனில் தொடங்கும் சாரல், மழை கைவிடாத வருஷத்தில் ஆகஸ்ட் வரை நீளும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு ரவுண்டு போய்க் குளித்துவிட்டு, தலையைத் துவட்டுவதற்கு முன்பே நாம் செய்கிற வேலை என்ன? போனை எடுப்பதுதான்.

அந்தப் படங்களை வீட்டுக்கு வந்த பிறகு நிதானமாகப் பாருங்கள். உங்கள் படத்தையும் பக்கத்து வீட்டுக்காரர் படத்தையும் மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியுமா? அதே பாறை, அதே வெள்ளைத் தண்ணீர், அதே ஈரத் தலை. பேரருவியின் அழகான படம் வேண்டுமென்றால் இணையத்தில் தேடினால் போதும், கொட்டிக் கிடக்கிறது. நாம் எடுத்ததைவிட நன்றாகவே இருக்கிறது.

அப்படியானால் நாம் எதைத்தான் எடுப்பது? நம்மைத் தவிர வேறு யாரும் எடுக்க மாட்டாததை எடுக்கலாமே! இந்த மாதம் உங்களிடம் பேச நினைத்தது இதைத்தான்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினம். 1839-ல் அந்த நாளில்தான் லூயி டகேரின் படம் பிடிக்கும் முறையை பிரான்ஸ் உலகத்துக்கு அறிவித்தது. ஆனால் இன்றுவரை அழியாமல் இருக்கிற மிகப் பழைய கேமரா படம் அதற்கும் முந்தையது. 1827 வாக்கில் நிசெஃபோர் நீப்ஸ் என்பவர் எடுத்தது. எதை எடுத்தார் தெரியுமா? அரண்மனையையோ மலையையோ அல்ல. தன் வீட்டு மாடி ஜன்னலில் நின்றால் தெரிகிற கூரையையும் சுவரையும்தான் எடுத்தார்.

அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். சமையலுக்கு வாங்குகிற அதே குடமிளகாய்தான். புனலுக்குள் சுற்றி விழுந்த வெளிச்சத்தில் அதன் வளைவும் மடிப்பும் மனித உடம்புபோலத் தெரிந்தன. புகைப்படக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் படத்தை விடாமல் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பரோடாவைச் சேர்ந்த ஓவியர் ஜோதி பட், 1960-களின் கடைசியிலிருந்து கேமராவோடு கிராமம் கிராமமாகப் போனார். பெண்கள் வீட்டுச் சுவரிலும் வாசலிலும் வரைந்ததையெல்லாம் படமாக்கினார். மண்சுவர் போனால் அந்தச் சித்திரமும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எடுத்ததில் எத்தனையோ இன்று படத்தில் மட்டும்தான் இருக்கிறது. 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

‘எங்கள் வீட்டில் படம் எடுக்கிற மாதிரி என்ன சார் இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். கொல்லையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கிற ஆட்டுரல் இருக்கிறது. ஆணியில் தொங்குகிற சொளவு இருக்கிறது. தாத்தா டீ வாங்கப் போன தூக்குவாளியும், ஆச்சி நூல் கட்டிப் போட்டுக்கொண்ட மூக்குக்கண்ணாடியும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். இதையெல்லாம் யார் வந்து எடுப்பார்கள், நாம் எடுக்காவிட்டால்?

தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் உண்டு. வீட்டுவேலை முடிந்ததும் மடியில் சொளவை வைத்து பீடி சுற்ற உட்காரும் அம்மாக்கள், அத்தைகள், மதினிமார். நனைத்த இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிவிடும் அந்த விரல்களின் வேகம்! அந்தக் கூலியில் படித்து வேலைக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். கல்யாண ஆல்பத்தில் உங்கள் அம்மா பட்டுப்புடவையில் இருக்கிறார், சந்தோஷம். அவர் கைகள் மட்டும் தெரிகிற ஒரு படம் உங்களிடம் இருக்கிறதா?

இதற்கு விலை கூடிய கேமரா வேண்டாம், கையில் இருக்கிற போனே போதும். டியூப் லைட்டையும் ஃபிளாஷையும் அணைத்துவிட்டு, எடுக்கப்போகும் பொருளை ஜன்னல் ஓரம் வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். சொளவின் பின்னல், தூக்குவாளியின் நசுங்கல், விரலின் ரேகை எல்லாம் அப்போதுதான் எழுந்து தெரியும். பின்னால் கிடக்கிற பிளாஸ்டிக் வாளியை ஓரம் கட்டுங்கள். ஜூம் பண்ணாதீர்கள், நீங்களே கிட்டப் போங்கள். நின்றபடி ஒன்று எடுத்தால், தரையில் உட்கார்ந்து இன்னொன்று எடுங்கள்.

லீவு நாளில் பிள்ளைகளிடம் ஒரே ஒரு செம்பைக் கொடுத்து, ‘ஒன்று போல ஒன்று இல்லாமல் பத்து படம் எடு’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது படத்துக்கு மேல்தான் பிள்ளை உண்மையாகவே பார்க்க ஆரம்பிக்கும். வெளியூர்க் காட்சிகளுக்குப் போவதற்கு முன்னால் கண்ணுக்குக் கொடுக்கிற பயிற்சி அது.

அந்தக் கண்ணோடு இப்போது குற்றாலத்துக்கு வாருங்கள். சாரல் நாளில் மேகம் மூடியிருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். உச்சி வெயிலில் முகத்தில் கறுப்பாக விழுகிற நிழல் அன்றைக்கு இருக்காது. ஸ்டூடியோக்காரர்கள் குடை கட்டி வரவழைக்கிற மிருதுவான வெளிச்சத்தை மலை நமக்குச் சும்மாவே தருகிறது. லென்ஸில் படியும் துளியை மட்டும் அடிக்கடி பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் அருவிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்த பழக்கடை, கொதிக்கிற எண்ணெயில் விழும் நேந்திரங்காய் சிப்ஸ், வேன் கதவில் காயப்போட்ட துண்டுகள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடுங்கி நிற்கிற மாமா என்று பார்க்க எவ்வளவு இருக்கிறது! அப்படியே பிரானூர் பார்டருக்குப் போனால் பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவார். போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வையுங்கள். வீசிய மாவு காற்றிலேயே நிற்கும். கடைக்குள் வெளிச்சம் போதாது, வாசல் ஓரம் நின்று எடுங்கள். அருவித் தண்ணீர் பட்டுத்துணிபோல வழிய வேண்டுமா? வெளிச்சம் மங்கிய அந்தி நேரத்தில் ஷட்டரைக் கால் விநாடிக்குக் குறைத்து, போனை ஒரு சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள்.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தால் கூட்டம் பூவின் முகத்தோடு செல்ஃபி எடுக்கும். நீங்கள் பின்பக்கம் போய் அந்தப் பச்சைக் காம்பையும், இதழ்களின் வழியாக ஊடுருவி வரும் வெளிச்சத்தையும் பாருங்கள். வரப்பில் நின்றே பாருங்கள். உள்ளே மிதிபடுவது ஒரு விவசாயியின் கடன்.

தென்காசி கோபுரத்தையும் விட்டுவிடக் கூடாது. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில். இன்று சுமார் 180 அடி உயரத்தில் நிற்கிற ராஜகோபுரம் 1990-ல் குடமுழுக்கு கண்டது. அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகச் சிதைந்து, மொட்டையாக நின்றது. இளையவர்களுக்கு அது தெரியாது. அந்த மொட்டைக் கோபுரத்தின் முன்னால் உங்கள் தாத்தா சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்று பெட்டியில் கிடைத்தால் இன்றைக்கு அது வீட்டுப் படம் மட்டுமா? ஊருக்கே சாட்சி அல்லவா! அன்று எடுத்தவருக்கு அது தினமும் பார்க்கிற சாதாரணக் காட்சிதான்.

கோயிலுக்கு உள்ளே போன் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை சொல்லிவிட்டது. குறையாக நினைக்காதீர்கள். குற்றாலம் சித்திர சபைக்கு வெறுங்கையோடு போய், சுவரோவியங்களின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எந்த உருவத்தை எங்கே நிறுத்துவது, எவ்வளவு இடம் விடுவது என்பதைச் சொல்லித்தர அந்தச் சுவர்களைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

சில விஷயங்களை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. குளிக்கிற பெண்கள் இருக்கிற பக்கம் கேமரா திரும்பக் கூடாது. நம் வீட்டுப் பெண்ணை யாரோ எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? பழம் விற்கிற பாட்டியானாலும் பரோட்டா மாஸ்டரானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். ‘ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?’ என்று சிரித்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். படத்துக்காகப் பாசிப் பாறையில் ஏறவே கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நொடியில் வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. காவலர் விசில் ஊதினால் இறங்கிவிட வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எடுத்ததையெல்லாம் போனிலேயே விட்டுவிடாதீர்கள். போன் தண்ணீரில் விழும், மெமரி நிறையும், ‘குட் மார்னிங்’ படங்களோடு சேர்த்து இவற்றையும் அழித்துவிடுவோம். நல்லதாக நாலைந்தை பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது யாரோ ஒருவரின் தூக்குவாளிதான்.

அடுத்த இதழில் உங்களுக்காக இரண்டு பக்கங்களைக் காலியாக வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றின் படத்தையும் அதைப் பற்றி நாலு வரியும் அனுப்புங்கள். அருவிப் படம் மட்டும் வேண்டாம், அது எங்களிடமே நிறைய இருக்கிறது!

அன்புடன்,
ஆசிரியர்