குச்சியைக் கீழே போட்டது யார்?



விளையாட்டு விழா அன்று மேடையில் பேசுகிற எல்லாரும் 'குழு உணர்வு', 'ஒற்றுமை' என்கிறார்கள். நாமும் கை தட்டுகிறோம். அன்றைக்கு மத்தியானமே 4×100 ரிலேயில் குச்சி கீழே விழுந்தால், "டேய், யார்ரா விட்டது?" என்பதுதான் முதல் கேள்வி! போன வருஷம் எங்க ஹவுஸில் ஒருத்தனுக்குக் 'குச்சி' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. (யாரென்று உங்களுக்கே தெரியும், நான் எழுத மாட்டேன்.) நல்லா ஓடுறவன். இந்த வருஷம் இதுவரை பேரே கொடுக்கவில்லை.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. குச்சி விழுவதை ஒரே ஆளின் தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? கொடுக்கிறவர் முழு வேகத்தில் வருகிறார். வாங்குகிறவர் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டே கையை மட்டும் பின்னால் நீட்டுகிறார். கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் கை எட்டாது. லேட்டாகக் கிளம்பினால் பின்னால் வருகிறவர் மேலேயே வந்து மோதுவார். 30 மீட்டர் இடத்துக்குள் குச்சி கை மாறியாக வேண்டும். முன்பெல்லாம் 20 மீட்டர்தானாம்! இதில் யார் பக்கம் தப்பு என்று காலரியில் உட்கார்ந்து கடலை தின்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

2016 ரியோ ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஜப்பான் ஆண்கள் அணியில் ஓடிய நாலு பேரில் ஒருத்தர்கூட அதுவரை 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியதில்லை. 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கும் யாரும் போகவில்லை. ஆனாலும் ரிலேயில் 37.60 விநாடியில் வெள்ளிப் பதக்கம்! குச்சியைக் கீழிருந்து மேலாகக் கையில் வைக்கும் முறையை அவர்கள் பல வருஷமாகப் பழகி வைத்திருந்தார்கள். அதே ஓட்டத்தில் அமெரிக்கா மூன்றாவதாக வந்தது. 100 மீட்டரில் வெள்ளி வாங்கிய காட்லின் அந்த அணியில்தான் இருந்தார். முதல் கைமாற்றம் எல்லைக்கு முன்னாலேயே நடந்துவிட்டதால் அணியையே நீக்கிவிட்டார்கள். 2008 பீஜிங்கிலும் அமெரிக்க ஆண்கள், பெண்கள் இரண்டு அணியுமே தகுதிச் சுற்றில் குச்சியைத் தவறவிட்டுத்தான் வெளியே போனார்கள். அவர்களுக்கா வேகம் இல்லை?

அதனால் குழு உணர்வு என்றால் தோளில் கை போட்டு நிற்பது மட்டும் இல்லை என்பது என் கருத்து. இவன் எப்போது கிளம்புவான், அவன் கை எந்த உயரத்தில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து பழகாமல் அது வராது. நாம என்ன செய்கிறோம்? 100 மீட்டரில் முதலில் வந்த நாலு பேரை அன்றைக்குக் காலையில் கூப்பிட்டு "நீங்கதான் ரிலே" என்கிறோம். குச்சியைக் கையால் தொடுவதே அப்போதுதான். சில பேர் ஸ்கேலை வைத்துப் பழகுகிறார்கள், அதுவும் வகுப்பறைக்குள்ளே!

"வேகமா ஓடுறவனை விட்டுட்டு வேற யாரை எடுக்கிறது?" என்று சீனியர் அண்ணன்கள் கேட்பார்கள். வேகமானவர்களையே எடுங்கள், ஆனால் இரண்டு வாரம் முன்னாடியே எடுங்கள். தினமும் பிரேயருக்கு முன் 15 நிமிஷம் போதும். வாங்குகிறவர் பின்பக்கமாகப் பாதம் வைத்து அளந்து சுண்ணாம்பில் ஒரு கோடு போடட்டும். வருகிறவர் அந்தக் கோட்டை மிதித்ததும் கிளம்ப வேண்டியதுதான். கோடு சரியில்லை என்றால் மறுநாள் ஒரு அடி தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. குச்சி விழுந்ததும் தலையில் கை வைத்து நின்றுவிடுகிறோம். விழுந்தாலே அவுட் கிடையாது. விட்டவரே எடுத்து, அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யாமல், தூரத்தைக் குறைக்காமல் ஓடலாம் என்பது விதி.

பி.டி. சாரிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டு அறை பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் குச்சிகளைத் திங்கட்கிழமை முதல் கொடுத்தால் நன்றாக இருக்கும். அப்புறம், எங்க ஹவுஸில் மூன்றாவது ஆளாக வளைவில் ஓட அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. பேர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நானே போய்க் கூப்பிடப் போகிறேன். நீங்களும் வாங்க.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்