முகவரி இல்லாக் கதிர்கள்

காஸ்மிக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், “சூப்பர்நோவா” என்று ஒரே சொல்லில் பதில் கூறி மூடிவிடும் வழக்கம் நம் பௌதிக மாணவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. பரீட்சைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அந்தப் பதில் பொய்யன்று. 1934-ல் பாடே, ஸ்விக்கி என்ற இருவர் சொன்ன கருத்து அது. வெடிப்பின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு கதிர்களுக்குப் போனாலே கணக்குச் சரியாகிறது. 2013-ல் ஃபெர்மி விண்தொலைநோக்கி, இரண்டு வெடிப்பு எச்சங்களில் புரோட்டான்கள் வேகம் பெறுவதற்குச் சான்றும் தந்தது. ஆனால் ஆயிரம் டிரில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வரை உந்துவது யார்? காசியோப்பியா-ஏ சுமார் 350 வயதுள்ள இளம் எச்சம். அதன் காமாக் கதிர்களோ சில டிரில்லியனிலேயே மங்கிவிடுகின்றன என்று 2017-ல் தெரிந்தது. 2021-ல் சீனாவின் லாசோ ஆய்வகம் கண்ட மிக வலிய காமாக் கதிர், இளம் பெருவிண்மீன்கள் திரண்டிருக்கும் சிக்னஸ் பகுதியின் திசையிலிருந்து வந்தது. அப்படியிருக்க, தீர்ந்த வழக்கென்று எப்படிச் சொல்வது?

கதிர் வந்த திசையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. பால்வீதியின் காந்தப் புலம் அவற்றை வளைத்து வளைத்து அலைக்கழிக்கிறது. நம் ஆங்கிலத்தை இரண்டு வாக்கியம் கேட்டதுமே இங்குள்ளவர்கள் நம் ஊரைச் சொல்லிவிடுகிறார்கள். புரோட்டானிடம் அந்த வித்தை பலிக்காது.

ஆகவே வழியைப் படிக்க வேண்டும். விண்மீன்களில் போரான் அநேகமாக உண்டாவதே இல்லை. கதிர்களிலோ தாராளமாக இருக்கிறது. கார்பனும் ஆக்ஸிஜனும் வழியிலுள்ள வாயுவில் மோதி உடைந்த துண்டுகள் அவை. எவ்வளவு போரான் என்று அளந்தால், கதிர் எவ்வளவு பொருளைக் கடந்தது என்று தெரியும்: சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து முதல் பத்துக் கிராம். காலத்தைச் சொல்ல பெரிலியம்-10 இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டு. அந்தக் கடிகாரம் ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் என்கிறது! இவ்வளவு காலம் பால்வீதித் தட்டுக்குள்ளேயே சுற்றியிருந்தால் இன்னும் அதிகப் பொருளைக் கடந்திருக்க வேண்டும். ஆகவே பெரும்பொழுதைத் தட்டுக்கு வெளியே, வாயு மெலிந்த வெளியில் கழித்திருக்கின்றன. ஆற்றல் மிகுந்தவை விரைவில் தப்பிவிடுகின்றன. இந்தத் தப்புதலைக் கழித்துப் பாராமல் பிறப்பிடத்தைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு என்பது என் துணிபு.

உதகைக்குப் போய் ரோஜாத் தோட்டம் பார்த்தவர் நம் சங்கத்தில் பலர். அங்கேயே டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? புரோட்டான்களின் ஆற்றல் பங்கீடு 166 டிரில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அருகே மாறுவதற்கு 2024-ல் சான்று வெளியிட்டவர்கள் அவர்கள். அது பிறப்பிடத்தின் சுவடா, வழியின் சுவடா?

“பழைய சரக்கு, வேலைக்கு உதவாது” என்று என் அறை நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அடுத்த மாதம் ஆய்வுத் தலைப்பை எழுதிக் கொடுக்க வேண்டும். போரானைத்தான் எழுதப் போகிறேன்.