கடன் வாங்கிய சிரிப்பு

இரவு எட்டு மணி. அமெரிக்காவில் ஒரு வீடு. சாப்பாடு முடிந்துவிட்டது. கூடத்தில் டெலிவிஷன் பெட்டி. அதன் முன்னால் அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள்.

பெட்டியில் ஒருவர் வழுக்கி விழுகிறார். "கொல்" என்று ஒரே சிரிப்பு.

சிரித்தது யார்?

அப்பா சிரிக்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. பாட்டி பாதித் தூக்கத்தில் இருக்கிறாள். சிரித்தது பெட்டி!

"இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்கிறான் சின்னப் பையன்.

"பேசாமல் பார்!" என்று அதட்டுகிறார் அப்பா.

அதட்டலாமா? கூடாது. பையன் சொன்னது சாதாரண வார்த்தைதான். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அப்படிப்பட்ட சாதாரண வார்த்தைகள், பெரிய பெரிய முதலாளிகளின் கணக்குகளைப் பொய்யாக்கி இருக்கின்றன. முடிந்துபோன கதையை மாற்றி எழுத வைத்திருக்கின்றன. டெலிவிஷனின் எழுபது ஆண்டுக் கதையைப் பார்த்தால் இது விளங்கும்.

சிரிப்புப் பெட்டி

பெட்டி எப்படிச் சிரிக்கிறது? அதற்கென்று ஒரு இயந்திரம் இருந்தது.

அதைச் செய்தவர் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பதிவு நிபுணர். 1950-களில் அவர் இதைச் செய்தார். பலவிதமான சிரிப்புகளை நாடாவில் பதிவு செய்து அந்தப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு கட்டையை அமுக்கினால் புன்சிரிப்பு. இன்னொன்றை அமுக்கினால் வெடிச்சிரிப்பு. ஆர்மோனியம் வாசிப்பதுபோல அவர் சிரிப்பை வாசித்தார்! பெட்டிக்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியார் அறியாத ரகசியம்.

கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன. காரணம் என்ன? பயம்! "வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டால்?" என்ற பயம். ரசிகனுக்குப் புத்தி போதாது என்று அவர்கள் எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

"மாஷ்" என்று ஒரு தொடர். கொரிய யுத்தத்தில் வேலை பார்த்த ராணுவ டாக்டர்களின் கதை. 1972-ல் தொடங்கியது. சிரிப்பும் உண்டு, கண்ணீரும் உண்டு. "இதற்கு இயந்திரச் சிரிப்பு வேண்டாம்" என்றார்கள் தயாரித்தவர்கள். "வேண்டும்" என்றது ஒளிபரப்புக் கம்பெனி. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கூடாது! பிரிட்டனில் இதே தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே காட்டினார்கள். அங்கே யாருக்கும் சிரிக்க மறந்துபோகவில்லை.

யுத்தம் நடந்தது மூன்று ஆண்டு. தொடர் நடந்தது பதினோரு ஆண்டு! 1983-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி கடைசிக் கதை ஒளிபரப்பானது. சுமார் 10 கோடியே 60 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள்.

கியூபாக்காரக் கணவர்

லூசில் பால் என்ற நடிகை ரேடியோ நகைச்சுவையில் புகழ் பெற்றவர். அதை டெலிவிஷனுக்குக் கொண்டுவர கம்பெனி விரும்பியது. "கணவனாக நடிப்பவர் என் சொந்தக் கணவராகவே இருக்க வேண்டும்" என்றார் லூசில்.

கம்பெனி தயங்கியது. அவர் கணவர் டெசி அர்னாஸ் கியூபாவில் பிறந்தவர். ஆங்கிலத்தை ஸ்பானிய வாடையோடு பேசுவார். "அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படி ஒரு கணவன் என்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்" என்றார்கள் அதிகாரிகள்.

நிஜத்தில் புருஷன் பெண்சாதியாக இருப்பவர்களைப் பார்த்து, நம்ப மாட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்!

தம்பதிகள் வாதாடவில்லை. 1950-ல் ஊர் ஊராகப் போய் மேடையில் ஜோடியாக நடித்தார்கள். ஜனங்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். இது கடன் வாங்கிய சிரிப்பு அல்ல, நேரில் வந்தவர்களின் சொந்தச் சிரிப்பு. கம்பெனி இறங்கி வந்தது.

1951-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி "ஐ லவ் லூசி" தொடங்கியது. மூன்று காமிராக்களை வைத்து, எதிரே ரசிகர்களை உட்கார வைத்து, பிலிமில் எடுத்தார்கள். லூசி கர்ப்பமானபோது, கதையிலும் அவள் கர்ப்பமானாள். 1953-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி, கதையில் குழந்தை பிறந்தது. அதே நாளில் நிஜத்திலும் லூசிலுக்கு மகன் பிறந்தான்! சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் அன்று அந்தக் கதையைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதி பதவி ஏற்றார். அதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான்.

வேற்று ஊர்க் கணவனை ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்ற கணக்கு தவிடுபொடியானது.

அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பதற்கு 2020-லும் ஒரு சாட்சி உண்டு. "நெவர் ஹாவ் ஐ எவர்" என்ற நகைச்சுவைத் தொடரின் கதாநாயகி, கலிபோர்னியாவில் வளரும் ஒரு தமிழ்ப் பெண். அந்த வேஷத்துக்கு மனுப் போட்டவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். தேர்வானவர் கனடாவில் பிறந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மைத்ரேயி ராமகிருஷ்ணன். தொடர் நான்கு பருவங்கள் ஓடி 2023-ல் நிறைவடைந்தது.

பறந்து வந்த விருந்தாளி

அடுத்து, பிள்ளைகளின் கட்சி!

"பலகைமேல் படுத்துக்கொண்டு பறப்பதுபோல நடிக்கிறான்" என்பார் அப்பா. "இல்லை, நிஜமாகவே பறக்கிறான்" என்பான் பையன். 1952 முதல் 1958 வரை, ஜார்ஜ் ரீவ்ஸ் சூப்பர்மேனாக நடித்தபோது, எத்தனையோ வீடுகளில் இந்த வழக்கு நடந்திருக்கும்.

பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெரியவர்கள் மதித்ததும் உண்டு. 1957-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, லூசியின் வீட்டுக்கே சூப்பர்மேன் விருந்தாளியாக வந்தார். லூசியின் மகனுக்குப் பிறந்த நாள். சூப்பர்மேனை அழைத்து வருவதாக லூசி வாக்குக் கொடுத்துவிடுகிறாள். அவர் வர மாட்டார் என்று நினைத்து, தானே சூப்பர்மேன் வேஷம் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் நின்று தவிக்கிறாள். நிஜ சூப்பர்மேன் வந்து அவளைக் காப்பாற்றுகிறார். அந்தக் கதை முழுவதும் அவர் சூப்பர்மேன்தான். நடிகர் என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

1966-ல் "பேட்மேன்" வந்தது. வாரம் இரண்டு நாள். முதல் நாள் கதாநாயகர் ஆபத்தில் மாட்டிக்கொள்வார். அடுத்த நாள் தப்பிப்பார். அடிதடி நடந்தால் திரையில் "டமால், டுமீல்" என்ற பாணியில் பெரிய எழுத்து தோன்றும். பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிள்ளைகளோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரே காட்சி, இரண்டு ரசனை! பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் மட்டும் ஒரு தடவைகூடத் தன் முகத்தில் கேலியைக் காட்டவில்லை. அதனால்தான் இரு கட்சிக்கும் அவர் சொந்தமானார்.

120 கதைகளோடு 1968-ல் அந்தத் தொடர் முடிந்தது. 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆடம் வெஸ்ட் காலமானார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மண்டபத்தின் சுவரில் வௌவால் சின்னத்தை விளக்கொளியில் காட்டி மரியாதை செய்தார்கள். அன்றைய சிறுவர்களுக்கு அப்போது தலை நரைத்திருந்தது. நன்றி நரைக்கவில்லை.

கைவிட்ட பொம்மைகள்

பண்டிகைக் கதைகளுக்கு வருவோம். இங்கேதான் ரசிகரின் முழு பலமும் தெரிகிறது.

1964-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி, "ருடால்ப்" என்ற கிறிஸ்துமஸ் பொம்மைப் படம் டெலிவிஷனில் வந்தது. ருடால்ப் ஒரு குட்டி மான். மூக்கு சிவப்பாக ஒளி விடும். மற்ற மான்கள் கேலி செய்கின்றன. அது ஊரை விட்டுப் போகிறது. போகிற வழியில் ஒரு தீவு. அங்கே இருப்பவை எல்லாம் யாருக்கும் வேண்டாத பொம்மைகள். சதுரச் சக்கரம் வைத்த ரயில்! தண்ணீருக்குப் பதில் ஜாம் பீச்சும் துப்பாக்கி! "உங்களுக்கு வழி செய்கிறேன்" என்று ருடால்ப் வாக்குக் கொடுக்கிறது.

கதை முடிந்தது. ருடால்புக்குப் பெருமை கிடைத்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வண்டியேறிப் புறப்பட்டார். அந்தப் பொம்மைகள்? அவற்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள்!

பார்த்தவர்கள் மறக்கவில்லை. கடிதங்கள் வந்தன. "கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்கள்.

கம்பெனி என்ன செய்தது? அடுத்த ஆண்டு, 1965-ல், புதிய காட்சி ஒன்றைச் சேர்த்தது. கிறிஸ்துமஸ் தாத்தா அந்தத் தீவுக்குப் போகிறார். பொம்மைகளை வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழந்தை கிடைக்கிறது.

தபாலில் போட்ட ஒரு கடிதம் கதையின் முடிவையே திருத்தியது. ஏழைப் பொம்மைகளுக்கு வக்கீல்களாக வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள்!

மொட்டை மரம்

அதே 1965, டிசம்பர் 9-ந் தேதி. "சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்" என்ற அரை மணி நேரச் சித்திரப் படம் ஒளிபரப்பாக இருந்தது. படக்கதை எழுதிப் புகழ் பெற்ற சார்லஸ் ஷுல்ஸ் கதை எழுதியிருந்தார். முன்னதாகப் பார்த்த அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்.

"மெதுவாகப் போகிறது. ஜாஸ் சங்கீதம் பொருந்தவில்லை. பைபிள் வாசகம் வேறு!" என்று குறை சொன்னார்கள். சிறுவர் பாத்திரங்களுக்குச் சிறுவர்களே குரல் கொடுத்திருந்தார்கள். சிரிப்பொலி கூடவே கூடாது என்று ஷுல்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேதி அறிவித்தாகிவிட்டது, வேறு வழியில்லை என்றுதான் ஒளிபரப்பினார்கள்.

நடந்தது என்ன? அந்த நேரத்தில் ஓடிய டெலிவிஷன் பெட்டிகளில் ஏறக்குறையப் பாதியில் சார்லி பிரவுன்தான்! பரிசுகளும் குவிந்தன.

கதை மிகச் சிறியது. கடைகளில் பளபளப்பான அலுமினிய மரங்கள் நிற்கின்றன. சார்லி பிரவுன் அவற்றை விட்டுவிட்டு, இலை உதிர்ந்த ஒரு மொட்டை மரத்தை வாங்கி வருகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு அவர்களே அதை அலங்கரிக்கிறார்கள். மரம் அழகாகிறது. ஆடம்பரம் இல்லாததும் அழகாகலாம் என்று சொல்ல, ஆடம்பரம் இல்லாத ஒரு படம்!

2020-ல் இந்தப் படத்தின் உரிமை ஒரு பெரிய கம்பெனிக்குப் போனது. வழக்கமான டெலிவிஷனில் அந்த ஆண்டு வராது என்று செய்தி பரவியது. ஜனங்கள் கொதித்தார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். பொது டெலிவிஷனில் அந்த டிசம்பரிலும், 2021-லும் காட்டப்பட்டது. 2022-ல் அந்த வழி அடைபட்டுவிட்டது. ரசிகரின் வெற்றி எப்போதும் நிலைத்து நிற்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்மூடி அன்பு அல்ல

"ரசிகர் என்றால் எதைக் கொடுத்தாலும் புகழ்கிறவர்தானே?" என்று கேட்கலாம். அல்ல.

1977-ல் "ஸ்டார் வார்ஸ்" படம் வந்து உலகையே மயக்கியது. 1978-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, அதே பாத்திரங்களை வைத்து டெலிவிஷனில் ஒரு பண்டிகை நிகழ்ச்சி போட்டார்கள். நட்சத்திரங்கள் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் உயிர் இல்லை. படத்துக்காக வரிசையில் நின்ற அதே ரசிகர்கள், "இது சப்பென்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். அன்று ஒரு தடவை ஒளிபரப்பானதோடு சரி. அமெரிக்க டெலிவிஷனில் அது முழுசாக மறுபடி வரவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதைப் பத்திரப்படுத்தி வைத்தவர்களும் ரசிகர்கள்தான். வீட்டு நாடாவில் பதிந்து கைக்குக் கை கொடுத்துக் காப்பாற்றினார்கள். திட்டினார்கள். ஆனால் தூக்கி எறியவில்லை. சொந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்றால் வீட்டில் இருப்பவர்கள் செய்வதும் இதுதானே?

வாண்டாவின் துக்கம்

2021-ல் "வாண்டாவிஷன்" என்ற தொடர் வந்தது. மாய சக்தி படைத்த வாண்டா என்ற பெண்ணின் கதை. முதல் பாகம் கறுப்பு வெள்ளையில், பழைய நகைச்சுவைத் தொடர்போல, நிஜ ரசிகர்களை எதிரே உட்கார வைத்து எடுக்கப்பட்டது. பார்த்தவர்கள், "இது என்ன கூத்து?" என்று திகைத்தார்கள்.

போகப் போக விஷயம் விளங்கியது. வாண்டா யுத்தம் நடக்கும் ஊரில் பிறந்தவள். சிறு வயதில் இரவில் அப்பா, அம்மா, அண்ணனோடு உட்கார்ந்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களைப் பார்ப்பாள். அப்படி ஒரு இரவில் குண்டு விழுந்தது. பெற்றோர் மாண்டார்கள். வளர்ந்த பிறகு காதலனையும் பறிகொடுத்தாள். துக்கம் தாங்காமல், தன் சக்தியால் ஒரு பொய்யுலகத்தைப் படைத்துக்கொண்டாள். எப்படிப்பட்ட உலகம்? சின்ன வயதில் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்த அந்தத் தொடர்களின் உலகம்!

உலகை ஆட்டிவைக்கும் வீராங்கனையும், உள்ளுக்குள் ஒரு ரசிகைதான். அவள் ஏங்கியது தொடருக்காகவா? இல்லை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்காக.

பையன் சொன்னதைக் கேளுங்கள்

ரசிகரின் சாதாரண வார்த்தைக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். அது படித்துப் பட்டம் வாங்கிச் சொல்லும் விமரிசனம் அல்ல. பக்கத்தில் இருப்பவரிடம் மனம் விட்டுச் சொல்வது. "நன்றாக இருக்கிறது", "அழுகை வருகிறது", "அந்தப் பொம்மை என்ன ஆயிற்று?" - இவ்வளவுதான்.

இன்று கடிதம் எழுதுவோர் குறைவு. யார் எதைப் பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்று இயந்திரமே கணக்கு எடுக்கிறது. அன்று இயந்திரம் நமக்காகச் சிரித்தது. இன்று நமக்காக ரசித்தும் காட்டுகிறது! "உங்களுக்கு இது பிடிக்கும்" என்று அதுவே முடிவு செய்து வரிசையாக அடுக்குகிறது. ஆளுக்கு ஒரு கைப்பெட்டி. ஆளுக்கு ஒரு மூலை. "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கப் பக்கத்தில் ஆளில்லை.

இயந்திரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும். ஏன் சிரித்தார்கள் என்று சொல்லாது. கைவிட்ட பொம்மைக்காக ஒரு குழந்தை தூங்காமல் இருந்ததை அது அறியாது.

வாரம் ஒரு நாளாவது வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்ததைப் பற்றிப் பேசட்டும். சின்னப் பையன் "நன்றாக இல்லை" என்றால், அதட்ட வேண்டாம். "ஏன்?" என்று கேளுங்கள்.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வராவிட்டால் சும்மா இருங்கள். பெட்டி சிரிக்கிறதே என்பதற்காகச் சிரிக்க வேண்டாம்.

பணத்தைக் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிரிப்பைக் கடன் வாங்கினால், சொந்தச் சிரிப்பு மறந்துபோகும்.