கையில் பட்டர் இருக்க டிரைவருக்கு அலைவானேன்?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது ஸ்ரீரங்கத்து பட்டரைப் பற்றியோ பன்னில் தடவுற பட்டரைப் பற்றியோ ஆன பதிவு இல்லை. டிஸ்க் கோல்ஃப்னு ஒரு ஆட்டம். வட்டத் தட்டை வீசி வீசி, சங்கிலி தொங்குற இரும்புக் கூடைக்குள்ள விழ வைக்கணும். தூரமா வீச இருக்கிற தட்டு டிரைவர். கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தவும், அங்கேயிருந்து உள்ளே போடவும் இருக்கிற தட்டு பட்டர். புதுசா வர்றவன் கையில் முதல்ல எதைக் கொடுக்கணும்? இதில்தான் எனக்கும், இங்கே சார்லட்டில் சனிக்கிழமை காலையில் என்கூட ஆடுற கும்பலுக்கும் ஒரு வருஷமா வாய்க்கால் தகராறு.

ஆரம்பிச்சது இப்படி. ஆபீஸ் நண்பன் ஒருத்தன் அவனோட அப்பாவைக் கூட்டிட்டு வந்தான். ஊரிலிருந்து ஆறு மாசம் தங்க வந்தவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா அபார்ட்மெண்டில் அவரும் டிவியும்தான். கார் ஓட்ட முடியாது, பேச ஆள் கிடையாது. சரி, பார்க்குக்காவது வரட்டுமேன்னு கூட்டி வந்திருக்கான். பையன் பாசத்தில் அப்பா கையில் இருக்கறதிலேயே பளபளன்னு, விலை கூடின டிரைவரைக் கொடுத்தான். மூணு வீச்சு. மூணும் பத்தடி போனதும் இடது பக்கம் முறுக்கிக்கிட்டு தரையில் குத்திச்சு. "தம்பி, நமக்கு இது சரிப்படாது. நீங்க ஆடுங்க"ன்னு பெஞ்சில் போய் உக்காந்துட்டார். அப்புறம் ரெண்டு மணி நேரம் எங்க செருப்புக்கும் சாவிக்கும் காவல்.

அவர் கையில் கோளாறு இல்லை சாமி, கொடுத்த தட்டில்தான் கோளாறு. இதைச் சொன்னதுக்குத்தான் நம்மளை வில்லனாக்கிட்டாங்க.

தட்டுக்கு நாலு எண் போடுவாங்க: வேகம், மிதப்பு, ஆரம்பத் திருப்பம், கடைசிச் சாய்வு. இன்னோவாவின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு 12, 5, -1, 3. அதே கம்பெனியின் ஏவியார் பட்டருக்கு 2, 3, 0, 1. (இந்த எண்களை அந்தந்த கம்பெனிதான் போட்டுக்குது, எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அது தனிச் சண்டை.) புதுசா வர்றவங்க 12ன்னு பார்த்ததும், தட்டு நமக்கு 12 வேகம் கொடுக்கும்னு நினைச்சுக்கறாங்க. அட, அது உங்ககிட்ட கேக்குற வேகம்யா! அந்த வேகத்தில் வீசினாத்தான் அது டிரைவர் மாதிரி பறக்கும்.

வீசலைன்னா? வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் வீசினா தட்டு கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் பத்தாதப்போ காற்று தூக்குற புள்ளி தட்டின் நடுவிலிருந்து முன்பக்கம் நகரும். நியாயமா மூக்குதான் மேலே எழும்பணும். ஆனா சுழலுற பொருளாச்சே. சுத்துற பம்பரத்தைத் தட்டினா தட்டின பக்கம் சாயாம வேற பக்கம் சாயும் இல்லையா, அதே கதைதான். தட்டு இடது பக்கம் சாயும். டிரைவருக்கு இந்தச் சாய்வு ஆரம்பத்திலேயே வந்துடும். நேரா பறக்கிற பட்டர் மெதுவா வீசினாலும் கடைசி வரை நேர்கோட்டில் போயி, முடிவில் லேசா இடது பக்கம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

பொட்டி தட்டுற பசங்களுக்கு நான் தனியா சொல்லணுமா? பக் எங்கேன்னு தேடறப்போ ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் மாத்தணும். டிரைவர் இடது பக்கம் போனா அது உங்க கையா, வேகமா, தட்டோட குணமான்னு ஒண்ணும் புரியாது. நேர்ப் பட்டர் இடது பக்கம் போனா உங்க கை கோணல். முடிஞ்சது விஷயம். கையைத் திருத்துங்க, தட்டு திருந்தும்.

"பட்டரெல்லாம் பக்கத்தில் நின்னு போடத்தான்"னு ஒரு அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். 2021 ஜூன், உட்டா மாநிலம் ஆக்டனில் உலகச் சாம்பியன்ஷிப். கடைசி நாள், 18வது கூடை. அதுவரை ஐந்து முறை பட்டம் வாங்கின பால் மெக்பெத் ஒரு வீச்சு முன்னணி. ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தள்ளி நின்னு வீசின தட்டு நேரா கூடைக்குள்ள! ஆட்டம் சமன். அடுத்து நடந்த பிளேஆஃபில் முதல் கூடையிலேயே கான்ராட் ஜெயிச்சு பட்டம் வாங்கிட்டார். அந்த 247 அடி வீச்சுக்கு அவர் கையில் இருந்தது ஆக்ஸியம் கம்பெனியின் என்வி. பட்டர்தான் அண்ணாச்சி, பட்டர்!

நியாயத்தையும் சொல்லிடறேன். எதிர்க்காற்றில் நேர்ப் பட்டர் பல்லை இளிச்சிடும். வேகமா வீசினா வலது பக்கம் கவிழ்ந்து எங்கேயோ போகும். நீளமான மைதானத்தில் பட்டரை மட்டும் வச்சிக்கிட்டு பெரிய ஆட்டக்காரங்களோட மோதவும் முடியாது. ஒத்துக்கறேன். ஆனா நம்ம தூரம் என்ன? அளந்து பார்த்தேன். டிரைவரில் நான் வீசறது 70 மீட்டர், பட்டரில் 60. அந்த 10 மீட்டருக்கு ஆசைப்பட்டு, ரெண்டு பக்கமும் பைன் மரம் நிக்கிற பாதையில் இடது பக்கப் புதருக்குள்ள தட்டைத் தேடி, பாய்சன் ஐவி பட்டு ஒரு வாரம் சொறிஞ்சிக்கிட்டு ஆபீஸில் உக்காந்திருந்தவன் நான். எல்லா டிரைவரும் சேர்ந்து செய்ற வேலையைக் கடைசியில் முடிச்சு வைக்கிறதும் பட்டர்தானே? அதைத்தான் எவனும் பழகறதில்லை. பையில் 18 தட்டு, அதில் 14 டிரைவர். நாலடி தூரத்தில் சங்கிலியைத் தவற விடுவாங்க, கேட்டா பிளாஸ்டிக் சரியில்லையாம்.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். அடுத்த வாரம் அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, என் பழைய ஏவியாரைக் கொடுத்தேன். கூடையிலிருந்து பத்தடியில் நிக்க வச்சேன். நாலாவது வீச்சில் சங்கிலி 'ஜல்'லுன்னுது. திரும்பிப் பார்த்தார், யாராவது பார்த்தாங்களான்னு. அப்புறம் இருபதடி. அப்புறம் ஒரு முழு கூடை, ஆறு வீச்சில். ஊருக்குத் திரும்பற வரைக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஃபோன் வந்துடும், "தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு?"ன்னு. ஏவியார் இப்போ அவர்கிட்டதான். ஊரில் கூடைக்கு எங்கே போறது, கொல்லைத் தென்னையைக் குறி பார்த்து வீசறாராம்.

மகன்காரன் மட்டும் திருந்தலை. போன சனிக்கிழமை வேகம் 13ன்னு போட்ட புது டிரைவரோட வந்தான். முதல் வீச்சு. ஏழாவது கூடைக்கு இடது பக்கம், மூணாவது பைன் மரத்துக்குப் பின்னால் எங்கேயோ கிடக்கு. சார்லட் பக்கம் யாராவது ஆடப் போனா பார்த்து எடுத்துக் கொடுங்க, தட்டுக்குப் பின்னாடி அவன் ஃபோன் நம்பர் எழுதியிருக்கு.