காபி வருமுன்னே டிப்ஸா?

அமெரிக்காவின் பல காபிக் கடைகளில் கார்டைத் தேய்க்கும்போதே திரை கேட்கிறது: டிப்ஸ் 18, 20, 25 சதவீதம், ‘வேண்டாம்’ என்பது ஓரத்தில், சின்ன எழுத்தில். காபி இன்னும் கைக்கு வரவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. மேசைக்கு வந்து பரிமாறுபவருக்கு டிப்ஸ் தருவதில் நியாயம் உண்டு: மத்திய சட்டப்படி முதலாளி அவருக்குத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், மீதியை டிப்ஸ்தான் ஈடுகட்ட வேண்டும்.

கவுண்டரில் நிற்பவருக்கோ பெரும்பாலும் முழுக் கூலி உண்டு. “அதில் வாடகைகூடக் கட்ட முடியாதே” என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் முதலாளி. விலையை ஏற்றியாவது கூலியாகக் கொடுக்கட்டும். வாடிக்கையாளரின் கூச்சத்தை நம்பிச் சம்பளம் போட்டால், கூட்டம் குறைந்த நாளில் ஊழியர் வயிற்றில்தான் அடி விழும். பார்த்துப் பார்த்துக் கலந்து தந்தவருக்கு மனமுவந்து ஒரு டாலர் கொடுக்கலாம்; வெறுமனே ஊற்றித் தந்த காபிக்கு ‘வேண்டாம்’ என்பது கஞ்சத்தனம் ஆகாது.