கூதிர் மாதத்தில் கோட்டையூர்

அன்புள்ள வாசகர்களுக்கு,

இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும்போது ஐப்பசி பிறந்திருக்கும். வருடம் தவறாமல் இந்த மாதத்தில் எனக்கு ஒரே கேள்வியோடு கடிதங்கள் வருகின்றன. தீபாவளியை ஒட்டி நாலு நாள் விடுமுறை இருக்கிறது, மழைக்காலமாகவும் இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கே போகலாம்? இந்த முறை யோசிக்காமல் சொல்கிறேன். செட்டிநாட்டுக்குப் போங்கள். ஒன்பது ஊர் பார்க்க வேண்டாம். கோட்டையூர் மாதிரி ஒரே ஒரு ஊரில் தங்குங்கள். மழை வந்தால் இன்னும் நல்லது.

நம் முன்னோர் வருடத்தை ஆறு பொழுதாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்றார்கள். மேலைநாட்டார் இலையுதிர்காலம் என்று கொண்டாடுவதும் ஏறக்குறைய இதே மாதங்களைத்தான். இத்தாலியின் குன்றுகள் மேல் மதில் சூழ்ந்து நிற்கும் பழைய ஊர்களுக்கு, திராட்சை அறுவடை முடிகிற அந்தப் பருவத்தில் போய், ஒரே ஊரில் தங்கி, அதே தெருவில் தினமும் நடந்துவிட்டு வருகிற பயணிகள் உண்டு. அவசரம் வேண்டாம் என்பதை ஊரின் கொள்கையாகவே அறிவித்ததும் அந்த நாட்டில்தான். 1999-இல் கிரேவே, ஓர்வியேத்தோ, ப்ரா, பொசித்தானோ என்ற நான்கு ஊர்கள் சேர்ந்து ‘சித்தாஸ்லோ’ என்ற நிதான நகர இயக்கத்தைத் தொடங்கின. அங்கே கூதிரில் இலை பழுக்கிறது. நமக்கு மழை இறங்குகிறது. செட்டிநாட்டு வீடுகளோ அந்த மழையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை.

இது எனக்கு முதல் பயணத்தில் தெரியவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை வெயிலில் போயிருந்தேன். காலையில் ஆத்தங்குடி, உச்சிவேளையில் கானாடுகாத்தான், சாயங்காலம் பிள்ளையார்பட்டி, இரவு ரயில். பர்மா தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், இத்தாலிய சலவைக்கல் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். வீடு திரும்பிய பிறகு எந்தத் தூண் எந்த வீட்டில் நின்றது என்றுகூட நினைவில் இல்லை. சென்ற ஐப்பசியில் கோட்டையூரில் ஒரு தோழியின் பிறந்த வீட்டில் நான்கு நாள் தங்கினேன். இரண்டாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்த வீடு எனக்குப் புரிந்தது.

தெருவிலிருந்து படியேறினால் முகப்பு. இரண்டு பக்கமும் திண்ணை. அதைத் தாண்டினால் வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுகிற பட்டாலை. பிறகு வளவு. வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றி நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகளும் சேர்ந்ததுதான் வளவு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஓர் அறை உண்டு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் சமூகத்தின் கணக்கில் கல்யாணம் ஆனால்தான் ஒருவர் ஒரு ‘புள்ளி’. கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் எழுதப்படும். வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு. பின்வாசல் கதவைத் திறந்தால் அடுத்த தெரு. முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசலின் வெளிச்சம் தெரியும்படி எல்லா நிலைகளும் ஒரே கோட்டில் நிற்கும்.

மழை வலுத்ததும் நாலு கூரையும் வளவை நோக்கிச் சரிந்திருப்பதன் காரணம் தெரிந்தது. வீட்டின் மேல் விழுகிற தண்ணீரில் பெரும்பங்கு முற்றத்துக்குள் இறங்கியது. நான் அவசரமாக எழுந்து மூலையிலிருந்த பித்தளை அண்டாவை நகர்த்தப் போனேன். எண்பதைத் தாண்டிய அந்த வீட்டு ஆச்சி பட்டாலைப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

“இப்ப வைக்காதே ஆத்தா. மொதத் தண்ணி கூரையைக் கழுவிட்டுப் போகட்டும். உக்காரு.”

உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து அவரே “இப்ப வை” என்றார். அண்டா நிறைந்தது. மிச்சத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத சரிவில் கல்தரையின் மேல் ஓடி, ஒரு மூலையில் இருந்த துளைக்குள் இறங்கி, தரைக்கு அடியில் போய்த் தெரு வாய்க்காலில் சேர்ந்தது. அங்கிருந்து ஊருணிக்கு. ஊர் உண்ணும் நீர் என்று பேரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். வற்றாத ஆறு இல்லாத, செம்மண்ணும் சரளையுமான வறண்ட சீமை இது. வடகிழக்குப் பருவமழை தருகிற இரண்டு மூன்று மாதத் தண்ணீரை வைத்துத்தான் மற்ற மாதங்களைத் தள்ள வேண்டும். அதனால் வீடும் தெருவும் வாய்க்காலும் ஊருணியும் ஒரே யோசனையின் நாலு பகுதிகளாக அமைந்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இங்கே வந்து குடியேறியவர்கள் என்று நகரத்தார் மரபு சொல்கிறது. தரைமட்டத்திலிருந்து அத்தனை உயரத்தில் வீட்டை எழுப்பும் பழக்கத்தை அந்த நினைவோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. தண்ணீருக்கு அஞ்சி வந்தவர்கள் தண்ணீரைத் தேடிச் சேர்க்கும் ஊர்களைக் கட்டியது எனக்குத் தீராத வியப்பு.

மழைச் சாரலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று, உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பல பூச்சுப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் அது. நூறு வருடம் ஆகியும் வெள்ளையடிக்காத சுவர்களைப் பார்த்தேன். அன்று ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் செய்ய வைத்தார். மறுநாள் கவுனி அரிசி. பர்மாவிலிருந்து செட்டிநாட்டு அடுப்படிக்கு வந்த கறுப்பரிசி. இரவே ஊறப்போட்டு, காலையில் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் கலந்து தருவார்கள். ஒரு நாளில் வந்து போகிறவர்களுக்கு இதைச் செய்து தர அவகாசமே கிடைப்பதில்லை.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. ஊருணிக் கரையில் நடந்தபோது இந்தச் சின்ன ஊர் தமிழுக்குத் தந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன். ஒருவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1909-இல் இங்கே பிறந்தவர். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அழகப்பர் தொடங்கிய கல்லூரிகள்தான் பின்னாளில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வித்து. 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 1957 ஏப்ரலில் மறைந்தார்.

இன்னொருவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கி, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம், பத்திரிகை நறுக்கு என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபோது அந்த வீட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. அதுதான் சென்னையில் இன்று இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எங்கள் பத்திரிகையில் பழைய செய்தி ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமென்றால் முதலில் அங்கேதான் ஆள் அனுப்புகிறோம். ஒரு கல்யாணப் பத்திரிகையை நாற்பது வருடம் கழித்து யாராவது தேடுவார்கள் என்று நம்பிக் காத்த மனிதர் நடந்த தெருவில் நடக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆத்தங்குடிக்கும் போங்கள். ஆனால் அரை நாளாவது கொடுங்கள். தரைக்கல் செய்வதை நின்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாட்டு அச்சைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். சூளையில் வைப்பதில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைத்து, கடைசியில் கண்ணாடியைப் பிரிக்கும்போது பூ பளபளவென்று வெளியே வருகிறது. அந்த மினுக்கம் கண்ணாடியிடமிருந்து வாங்கியது. கை மட்டும்தான் கருவி என்பதால் எந்த இரண்டு கல்லும் ஒன்றுபோல இருக்காது.

வருத்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்டவை. பணம் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது பலருடைய வரவு அத்தோடு நின்றது. வாரிசுகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிரிந்தார்கள். ஒரே வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள் இருக்கும்போது ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோரையும் கேட்க வேண்டும். கேட்டு முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. ஓடு நழுவிய இடத்தில் ஒழுகி, தேக்கு உத்தரம் இற்று, கடைசியில் தூண் தூணாகக் கழற்றி விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அந்தத் தூண்களையும் நிலைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் பார்க்கலாம். இத்தாலியில் சான் ஜிமிஞானோ என்ற ஊரில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தனவாம். இன்று நிற்பவை 14. அந்தப் பதினான்கையும் உலகமே போய்ப் பார்க்கிறது, அந்த ஊர் அவற்றைக் காக்கிறது. செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்திருக்கிறது. பட்டியல் பட்டியலாகவே இருக்க, மழை வருடா வருடம் வந்துகொண்டிருக்கிறது.

பயணிகளால் வீடு நிமிருமா என்று கேட்பீர்கள். நிமிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தங்கும் விடுதிகளாக மாற்றப்பட்ட சில பழைய வீடுகளில் ஓடு மாற்றியிருக்கிறார்கள், சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனார்களுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது, பனை ஓலைக் கொட்டான் முடைகிறவர்களிடம் விருந்தினர்கள் விலை பேசாமல் வாங்கிப் போகிறார்கள். இரவு தங்குகிறவர்களால் வருகிற பலன் இது. பத்து நிமிடம் நின்று படம் எடுத்துப் போகும் வண்டிகளால் ஊருக்கு ஒன்றும் சேர்வதில்லை.

சென்னையிலிருந்து பல்லவன் விரைவு வண்டியில் ஏறினால் காரைக்குடியில் இறங்கலாம். கோட்டையூர் அங்கிருந்து டவுன் பஸ் தூரம். அதே சாலையில் பள்ளத்தூர், கானாடுகாத்தான். குடை எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பு கழற்றிப் போட வசதியானதாக இருக்கட்டும். பூட்டிய வீட்டைத் திறந்து காட்டும் காவல்காரரிடமோ அக்காவிடமோ முதலில் நலம் விசாரியுங்கள், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஆச்சிமார் பேச ஆரம்பித்தால் கடிகாரம் பார்க்காதீர்கள். பெரிய கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணி வரும் பிள்ளையார் நோன்பைப் பற்றிக் கேளுங்கள். புதுநூல் இழையில் திரி செய்து மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் ‘இழை எடுத்தல்’ எப்படி என்று அவர்கள் வாயால் கேட்பதே ஒரு தனி அனுபவம்.

நிதானமாகப் போவதை இந்தச் சீமைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி, காவடி சுமந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் கூட்டம், திரும்பி வருவதும் நடந்துதான். ஆச்சியின் வீட்டு ஐயாவும் அப்படி நடந்தவர். “வண்டியில வந்திருந்தா வழியில இருந்த சத்திரமெல்லாம் அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?” என்றார் ஆச்சி.

கிளம்பும் நாளில் ஒரு கொட்டானில் மணகோலமும் சீப்புச் சீடையும் கட்டிக் கொடுத்தார். வாசல் வரை வந்து, ஊருணி நிறைந்ததும் தோழியிடம் சொல்லி எனக்குத் தகவல் அனுப்புவதாகச் சொன்னார். கார்த்திகை முதல் வாரம் தகவல் வந்தது.

உங்கள் ஊரிலும் ஓர் ஊருணியோ குளமோ ஏந்தலோ இருக்கும். இந்த வருடம் அது நிறைகிற நாளில் எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். ஊர் பெயர், நிறைந்த தேதி, கரையில் முதலில் வந்து நின்றது யார் என்ற மூன்றும் போதும். தை இதழில் ஒரு பக்கம் அவற்றுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்